தோலும் தூபமும்

ஆடவருக்கென விற்கப்படும் நறுமணங்களுள் ஒரு வகை உண்டு. மல்லிகைக்கோ உரோசாவுக்கோ அதில் முதலிடமில்லை. கரி, புகை, தார், பதனிட்ட தோல், உலர்ந்த வேர், மரப்பிசின் ஆகியவற்றை நினைவூட்டும் கருத்த மணம் அது. மேலைநாட்டார் இதனைத் தோல்மண வகை என்கின்றனர். அவ்வகையின் பழம்பெரும் பிரிவொன்றுக்கு 'ரஷ்யத் தோல்' என்றே பெயர். மாஸ்கோவில் பிறந்த எர்னெஸ்ட் போ என்னும் நறுமணக் கலைஞர், பாரிசின் ஷனேல் நிறுவனத்துக்காக 1920களில் இப்பெயரிலேயே ஒன்றைப் படைத்தார். அன்று முதல் இன்று வரை அதன் உடன்பிறப்புகள் பல, கரிய புட்டிகளில் வந்துகொண்டேயிருக்கின்றன.

பங்குப்பணியாளர் ஒருவர் எழுதத்தக்க பொருளா இது என்று வாசகர் கேட்கக்கூடும். மணத்தைப் பற்றிப் பேசக் குருக்களுக்கு ஓரளவு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஒலிவ எண்ணெயில் பரிமளப் பிசின் கலந்து ஆயர் அர்ச்சித்த கிறிஸ்மா தைலம் எங்கள் உள்ளங்கைகளில் பூசப்பட்டுத்தான் நாங்கள் குருக்களானோம். வாழ்நாளெல்லாம் தூபக்கலசத்தின் புகையிலே நின்று கண் கரிக்கிறோம். நறுமணத்தைக் குறிக்கும் 'பெர்ஃப்யூம்' என்னும் சொல்லும் புகையிலிருந்து பிறந்ததே. 'புகை வழியாக' என்று பொருள்படும் இலத்தீன் சொற்களே அதன் மூலம். எனவே பொருள் நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊர், தோல் பதனிடும் தொழிலால் வாழ்ந்த ஊர். அங்கே எனக்குப் பீடச் சிறுவனாக உதவிய ஒருவன் இன்று துபாயில் நறுமணப் பொருள் கடையொன்றில் விற்பனையாளன். விடுமுறையில் வந்தவன் இத்தகைய புட்டியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். குருவுக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று நான் தயங்கியபோது அவன் சிரித்தான்.

"போட்டுக்கிட்டு வெளியே போகச் சொல்லலே ஃபாதர். மணிக்கட்டுல ஒரு தடவை அடிச்சிட்டு, ராத்திரி வரைக்கும் அப்பப்ப மோந்து பாருங்க. தேய்க்காதீங்க. முதல் அஞ்சு நிமிசத்துல முடிவு பண்ணிடாதீங்க. எங்க கடையில பாதிப்பேர் அப்படித்தான் ஏமாறுறாங்க."

அன்று காலைத் திருப்பலி முடிந்து, ஒன்பது மணியளவில் அவன் சொன்னபடியே செய்தேன். முதலில் எழுந்தது ஆல்ககாலின் காரம். அது விலகியதும் பெர்கமோட் என்னும் இத்தாலிய நாரத்தை வகையின் தோல்மணமும் மிளகின் சுள்ளென்ற வாசனையும் வந்தன. எவருக்கும் பிடிக்கும் மணம். எவரையும் நிறுத்தாத மணம். கால்மணி நேரத்தில் அது போயிற்று. போன இடத்தில் புகை. ஊதுவத்திப் புகையன்று, ஈர விறகை ஊதி ஊதி எரியவைத்த அடுப்பங்கரையின் புகை, தார் பூசிய வள்ளத்தின் வாடை. உண்மையைச் சொன்னால், கழுவிவிடலாமா என்று தோன்றிய நேரம் அது. பதினொரு மணிக்குத் திருமண ஓலை எழுத இரு வீட்டாரும் வந்திருந்தனர். மணப்பெண்ணின் பாட்டி மூக்கைச் சுளித்து, எங்கோ எதுவோ கருகுகிறது என்று சமையலறைப் பக்கம் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நண்பகலுக்குள் புகை தணிந்து தோல் வெளிப்பட்டது. புதுச் செருப்பு, பழைய பெல்ட், சைக்கிள் இருக்கை, இவற்றையெல்லாம் நினைவூட்டும் மணம். மாலையில் நான் அறிந்த ஒன்று வந்து சேர்ந்தது. தூபக்கலசம் ஆறிய பின்பு சக்கிரீஸ்துக்குள் நுழைந்தால் எழுமே, சூடில்லாத, சாம்பலோடு கலந்த சாம்பிராணி மணம், அதுவேதான். அதனடியில் வெட்டிவேர். இந்த வேர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இன்றளவும் நம் தமிழ்ப் பெயராலேயே வழங்குகிறது என்பதும், உலகச் சந்தைக்கு அதன் எண்ணெயை மிகுதியாக அனுப்புவது ஹெயிட்டி நாடு என்பதும் அந்தத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரவுச் செபம் சொல்லும்போது மணிக்கட்டில் எஞ்சியிருந்தவை பிசினும் வேரும் சிறிது தோலும் மட்டுமே.

இந்த வரிசைக்கு மறைபொருள் ஏதுமில்லை, இயற்பியலே காரணம். நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 32 முதல் 34 பாகை செல்சியசு வெப்பமுடையது. அந்த இளஞ்சூட்டில் எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் ஆவியாகிப் போகின்றன. நாரத்தை, எலுமிச்சை வகைகள் அத்தகையவை. மரம், பிசின், வேர் ஆகியவற்றின் கனத்த மூலக்கூறுகள் மெதுவாகவே கிளம்புகின்றன. தம்மோடு மற்றவற்றையும் சற்றுப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காகிதத்தில் தெளித்து முகர்ந்தால் இந்த நாடகம் இவ்வாறு நிகழ்வதில்லை. காகிதத்திற்குச் சூடு இல்லை, எண்ணெய்ப்பசை இல்லை, வியர்வை இல்லை. உலர்ந்த சருமத்தில் மணம் விரைவில் மங்கும். எண்ணெய்ப்பசையுள்ள சருமத்தில் நெடுநேரம் தங்கும். எங்கள் கோவில்பிள்ளை நாள்தோறும் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கமுடையவர். அவர் கையில் மறுநாள் காலை மணியடிக்கும்போதும் புகை இருந்ததாகச் சொன்னார். அணிந்தவருடைய மூக்கோ சிறிது நேரத்தில் பழகிப்போய் அந்த மணத்தைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. அருகில் இருப்பவர் அறிவார்; அணிந்தவர் அறியார்.

சில நாள் கழித்து அந்தத் தம்பியின் தந்தையைச் சந்தித்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோல்ஷாப்பில் உழைத்தவர். என் மணிக்கட்டை நீட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டேன். காலையில் தெளித்தது; அப்போது பிற்பகல் இரண்டு மணி. அவர் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"இது நம்ம ஷாப்புல கடைசி வேலை முடிஞ்சு காயப்போட்ட தோலு மாதிரி இருக்கு சாமி. ஆனா சுண்ணாம்பு இல்லையே. ஷாப்புன்னா முதல்ல சுண்ணாம்பு வாடைதானே வரும்? மயிர் கழிக்கிற இடத்து நாத்தமும் இல்ல. கஷ்டத்தை எல்லாம் எடுத்துட்டு வச்சிருக்கான்."

விலையைக் கேட்டவர் நெடுநேரம் சிரித்தார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உப்பிட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்து, உப்பு நீக்கி, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிர் தளர்ந்ததும் அதைக் கழித்து, உட்புறத்துச் சவ்வை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் மாறி மாறி ஊறப்போட்டு, எண்ணெய் தடவி உலர்த்துவது நம் நாட்டுப் பழைய முறை. குரோமிய உப்பால் பதனிடும் விரைவு முறை பின்னர் பரவியது. எந்த முறையாயினும் தொடக்கத்தில் அழுகல், முடிவில்தான் மணம். நறுமணப் புட்டிக்குள் செல்வது அந்த முடிவு மட்டுமே. அதுவும் உண்மையான தோலிலிருந்து வடித்ததன்று. பிர்ச் என்னும் குளிர்நாட்டு மரத்தின் பட்டையைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்துச் சூடேற்றினால், எரியாமல் கருகிக் கரிய தாராக வடியும். நீரும் பூச்சியும் பூஞ்சையும் அண்டாதிருக்க ரஷ்ய நாட்டுத் தோல் தொழிலாளர் அத்தாரின் எண்ணெயைத் தோலில் ஏற்றினர். அந்தத் தார் மணமே உலகுக்குத் தோல் மணமாயிற்று.

அவர்கள் கைவேலையின் உறுதிக்கு ஒரு சான்று உண்டு. 1786ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவாவுக்குத் தோல் கட்டுகளை ஏற்றிச் சென்ற 'மெட்டா கத்தரீனா' என்ற கப்பல், இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தருகே புயலில் மூழ்கியது. 1973ஆம் ஆண்டு மூழ்குநர் அதனைக் கண்டெடுத்தபோது, கடலடிச் சேற்றில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கிடந்த அத்தோல்கள் பல கெடாமல் இருந்தன. கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு, அவற்றால் காலணியும் பையும் செய்தனர். அத்தோல்களைப் பதனிட்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

நறுமணத் தலைநகர் எனப் போற்றப்படும் தென்பிரான்சின் கிராஸ் நகரமும் தொடக்கத்தில் தோல் பதனிடும் ஊரே. கையுறைகளின் துர்நாற்றத்தை மறைக்க அவற்றுக்கு மணமூட்டத் தொடங்கிய தொழிலாளரிடமிருந்தே அவ்வூரின் நறுமணக் கலை வளர்ந்தது. 2018இல் அக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ ஏற்றது. நம் தோல் ஊர்களுக்கு நேர்ந்தது வேறு. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிர்ச் மரத்தின் கச்சாத் தாரில் புற்றுநோய்க்கு ஏதுவான பொருள்கள் உள்ளமையால், தூய்மையாக்கிய எண்ணெயை மட்டுமே நறுமணத்தில் சேர்க்கலாம் என்பது இன்றைய தொழில் விதி. அணிபவரின் மணிக்கட்டுக்கு அவ்வளவு காப்பு! 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தபோது, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் மாண்டனர்.

அந்தப் பழைய பங்கில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தோல்ஷாப்புத் தெரு மக்கள் கோவிலில் இடப்பக்கக் கடைசி வரிசைகளில் அமர்வது வழக்கம். யார் அப்படி வகுத்தார் என்று எவரும் கேட்டதில்லை. புதிதாக மின்விசிறிகள் பொருத்தியபோது, காற்று சுழல்வதால் வாடை முன்வரிசைக்கு வருகிறது என்றும், அவர்களுக்கெனத் தனித் திருப்பலி ஒன்று அதிகாலையில் வைத்துவிடலாம் என்றும் சிலர் கையெழுத்திட்டு மனு கொடுத்தனர். மனுவின் மொழி மிகவும் பண்பானது. 'அவர்களுடைய வேலை நேரத்துக்கும் அதுவே வசதி' என்ற கனிவுகூட அதில் இருந்தது. அத்தெருவில் அப்போது இரண்டு ஆசிரியைகளும் ஒரு செவிலியரும் அஞ்சல் ஊழியர் ஒருவரும் இருந்தனர். தோல்ஷாப்பின் படியைக் கூட மிதித்திராதவர்கள். அவர்களும் அந்த மனுவில் அடங்குவர். ஆகவே வாடை என்று எழுதியிருந்தாலும் வாசிக்க வேண்டிய சொல் சாதி என்பதே.

அன்றைய பங்குத்தந்தை முதியவர், அதிகம் பேசாதவர். மனுவை மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு நற்செய்தி வாசித்து முடித்ததும் பீடத்திலிருந்து இறங்கி, நடுவழியே நடந்து, இடப்பக்கக் கடைசி வரிசைக்குப் பின்னால் சென்று நின்றுகொண்டு மறையுரை ஆற்றினார். முன்வரிசையினர் யாவரும் திரும்பி உட்கார வேண்டியதாயிற்று. மறையுரையின் பொருள் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமை. மனுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐந்து ஞாயிறுகள் அவ்வாறே செய்தார். மனு திரும்ப வரவில்லை. ஆனால் வரிசைகள் கலப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. முழுமையாகக் கலந்துவிட்டன என்று இன்றும் என்னால் எழுத இயலாது.

2013ஆம் ஆண்டு பெரிய வியாழன் கிறிஸ்மா திருப்பலியில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மேய்ப்பர்மீது ஆடுகளின் மணம் இருக்க வேண்டும் என்று குருக்களிடம் கேட்டுக்கொண்டார். எங்கள் கூட்டங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் கருத்து இது. கூட்டம் நடக்கும் குளிரூட்டிய அறையில் எலுமிச்சை வாசனைத் தெளிப்பான் ஒன்றும் இருக்கும்! சாம்பிராணியும் இப்போது கரியின்றித் தீக்குச்சி கிழித்தால் எரியும் கூம்பாக வந்துவிட்டது; அதற்குக் கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று பெயரிட்டவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருக்க வேண்டும்.

திருவிவிலியத்தைத் திறந்தால் தோலும் தூபமும் தொடக்கத்திலேயே கூடியிருக்கின்றன. விடுதலைப் பயண நூல் விவரிக்கும் சந்திப்புக் கூடாரத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே காலையும் மாலையும் நறுமணத் தூபம். அதில் சாம்பிராணியும் உண்டு. அந்தத் தூபத்தை எவரும் தம் சொந்த இன்பத்துக்கெனச் செய்துகொள்ளக் கூடாது என்று கடுமையான தடையும் உண்டு. மேலே கூரையாக என்ன விரித்தனர்? செந்நிறமாகப் பதனிட்ட ஆட்டுக்கிடாய்த் தோல். பாலைநில வெயிலில் காய்ந்த தோலும் உள்ளிருந்து எழும் புகையும் கலந்த காற்றையே ஆரோன் சுவாசித்திருப்பார். குருமடத்தில் கூடாரத்தின் நீள அகலங்களை மனப்பாடம் செய்தோம். அதன் மணம் எத்தகையது என்று எந்தத் தேர்விலும் கேள்வி வரவில்லை. அன்று மாலை என் மணிக்கட்டில் தோலும் சாம்பிராணியும் ஒன்றாக எழுந்தபோதுதான் அதனை எண்ணிப் பார்த்தேன்.

அதற்கும் முன்பு, கண்பார்வை மங்கிய ஈசாக்கு. குரலைக் கேட்டு ஐயுற்றவர், கைகளைத் தடவிப் பார்த்தார். அங்கே இருந்தது ரெபேக்கா கட்டிவிட்ட வெள்ளாட்டுத் தோல். அருகில் அழைத்து ஆடையை முகர்ந்தார்; அதில் இருந்தது வேட்டைக்காரனாகிய ஏசாவின் வயல்வெளி மணம். அந்த மணத்தை நம்பியே ஆசி வழங்கினார். மூக்கை நம்பி மனிதரைக் கணிப்பவர் எவ்வளவு எளிதில் ஏமாறலாம் என்பதை அந்தக் குடும்பம் நெடுங்காலம் அனுபவித்தது.

கூடாரத்துக்குக் கூரை தந்த தொழில், காலப்போக்கில் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது. யூத மரபுச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளியும் கிழக்குத் திசையிலும் மட்டுமே இருக்கலாம் என்கிறது. தோல் தொழிலாளியின் மனைவி, மணமுடிக்கும் முன்பே கணவன் தொழிலை அறிந்திருந்தாலும், தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், முடியவில்லை என்று சொல்லி மணவிலக்குக் கேட்கலாம் என்றும் அதே தொகுப்பு இடம் தருகிறது. செத்த விலங்கைத் தொடுபவன் தீட்டுப்பட்டவன் என்னும் சட்டம் ஒருபுறம், வாடை மறுபுறம்.

இந்தப் பின்னணியில்தான் திருத்தூதர் பணிகள் நூல் ஒரு முகவரியைத் தருகிறது. தூய பேதுரு யாப்பாவில் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். ஒரு நாளன்று, பல நாள்கள். வீடு கடலோரத்தில் இருந்தது என்பதையும் லூக்கா விடாமல் குறிக்கிறார். அவ்வீட்டின் மேல்தளத்தில்தான், தூய்மை எது, தீட்டு எது என்பதைத் தலைகீழாக்கிய காட்சி பேதுருவுக்குக் கிட்டியது. மேலே சென்று பசியுற்றவர் கண்ட விரிப்பில் விலங்குகள் இருந்தன. கீழே முற்றத்தில் விலங்குகளின் தோல்கள் காய்ந்துகொண்டிருந்திருக்கும். பேதுரு திகைத்து நின்ற அவ்வேளையில், உரோமை நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அனுப்பிய மூவர் சீமோனின் வீட்டை விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றனர். பேதுரு அவர்களை உள்ளே அழைத்து விருந்தோம்பினார். பிற இனத்தவரும் யூதரும் அன்றிரவு அந்தத் தோல்காரர் வீட்டில் ஒரே கூரையின்கீழ் உறங்கினர்.

மறுநாள் செசரியாவுக்குப் புறப்பட்டனர். கடலோரமாக வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. அடுத்த நாள்தான் சென்றுசேர்ந்தனர். உறவினரையும் நெருங்கிய நண்பர்களையும் கூட்டிவைத்துக்கொண்டு கொர்னேலியு காத்திருந்தார். பேதுரு வாசலில் நுழைந்ததும் எதிர்கொண்டு அவர் காலில் விழுந்தார். பல நாள் சீமோன் வீட்டில் இருந்த ஆடை, பல நாள் அந்த முற்றத்தில் நடந்த காலணி. விழுந்த கொர்னேலியுவின் முகத்துக்கு மிக அருகில் அவை இருந்தன. பேதுரு அவரைத் தூக்கி எழுப்பி, தானும் ஒரு மனிதன்தான் என்று சொல்லியவாறு, அவரோடு பேசிக்கொண்டே உள்ளே போனார்.